மணி அடித்தால் யார் வருவார்?

நண்பரின் மகன் ஒருவன், பொறியியல் படித்தவன், புதுத் தொழில் யோசனையோடு வந்தான். பூட்டிய வீட்டில் கேமரா. அந்நியர் நடமாடினால் செயற்கை நுண்ணறிவு கண்டுகொண்டு வீட்டுக்காரரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். தங்கவயலில் இதற்குத் தேவை உண்டு. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடியபின், விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இருட்டித் திரும்புவதே நம்மில் பலருக்குப் பிழைப்பு. லைன் வீடுகளில் பகலெல்லாம் பூட்டுத் தொங்கும்; இல்லையேல் தனியாக ஒரு பாட்டி இருப்பார்.

"சரி தம்பி, செய்தி வந்ததும் பெங்களூரில் இருப்பவர் என்ன செய்வார்?" என்றேன். பதில் இல்லை.

கோவை மதுக்கரையில் ரயிலில் யானைகள் அடிபடாமலிருக்க, 2024 பிப்ரவரியில் பாதையோரம் 12 கோபுரங்களில் இத்தகைய கேமராக்களைப் பொருத்தினார்கள். யானை தென்பட்டதும் வனத்துறையினருக்கும் ரயில்வேக்கும் தகவல் போகிறது. ஆட்கள் ஓடுகிறார்கள், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார். யானை பிழைப்பது அந்த ஓட்டத்தாலும் பிரேக்காலும்தான்.

இன்னொன்று. ரயில்வே சிக்னலில் கோளாறு வந்தால் சிவப்பு காட்டும்படிதான் அமைப்போம். இவன் கருவியோ மின்சாரம் போனால் ஊமையாகிவிடுகிறது. திருடன் முதலில் பிடுங்குவது ஃப்யூஸைத்தானே? 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் கண்ட ஊர்ப் பிள்ளை இதை யோசிக்க வேண்டாமா!

செய்தி அக்கம்பக்கத்து நான்கு வீட்டுக்கும் போகட்டும். கருவி ஊமையானால் அதற்கும் மணி அடிக்கட்டும். இவ்விரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால் முதல் கருவியை என் வீட்டில் மாட்டிக்கொள்கிறேன், பணம் கொடுத்தே.