கண்ணுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

குரும்பலூரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பது வயது மருமகளுக்குத் திடீரென்று ஒரு கண் மங்குகிறது. கண்ணை அசைத்தால் வலி. சிவப்புச் சேலை வெளுத்தாற்போல் தெரிகிறது. "சோளக்காட்டுத் தூசி" என்று சொட்டு மருந்து விடுகிறார்கள். சில வாரங்களில் பார்வை திரும்புகிறது. எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மறு வருடம் கால்கள் விறைக்கின்றன. இரவில் சதை இழுத்துப் பிடிக்கிறது. பெரம்பலூரில் வேறொரு டாக்டரிடம் போகிறார்கள். பழைய கண் கதையை அவரிடம் யாரும் சொல்வதில்லை. இங்கேதான் தவறு!

உறை போன கம்பி

பம்பு செட்டுக்குப் போகும் மின்கம்பிக்கு மேலுறை உண்டல்லவா? நம் நரம்புகளுக்கும் அப்படி ஓர் உறை உண்டு. நோயை விரட்ட வேண்டிய உடலின் காவற்படையே அந்த உறையை அரிப்பதுண்டு. கண் நரம்பில் அரித்தால் பார்வை மங்கும். தண்டுவடத்தில் அரித்தால் கால் விறைக்கும். இந்த நோய்க்கு 'மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்' என்று பெயர். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள் தொடங்கும். பெண்களுக்கே அதிகம். நம் நாட்டில் அபூர்வம்தான். கண் நரம்பு வீங்கிய எல்லோருக்கும் இந்த நோய் இராது. ஆனால் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மருந்தும் ஆபத்தும்

கண் நரம்பு வீக்கம் கண்ட 457 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி 1992-ல் வெளிவந்தது. ஸ்டீராய்டு மருந்தை ரத்தக் குழாயில் ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் திரும்பியது. சாதாரண அளவில் ஸ்டீராய்டு மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கோ நோய் திரும்பி வருவது அதிகமாயிற்று. கடையில் கேட்டு மாத்திரை வாங்குவது எவ்வளவு ஆபத்து, பாருங்கள்!

கால் விறைப்புக்கு 'பாக்லோபென்' மாத்திரை தருவார்கள். அது தசையைத் தளர்த்தும், நோயைத் தீர்க்காது. அளவு மிஞ்சினால் நிற்கவும் பலம் இராது. "சுகமாகிவிட்டது" என்று திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். டாக்டர் சொற்படி, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

ஒரு நோட்டுப் புத்தகம்

நோய் மீண்டும் தாக்குவதைக் குறைக்கும் மருந்துகள் இன்று உண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் பலன் அதிகம். ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். என்றைக்குக் கண் மங்கியது, என்றைக்குக் கால் மரத்தது, என்ன மாத்திரை என்று எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் அதைக் காட்டுங்கள். நரம்பு டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.

இன்னொன்று. நடக்கத் தடுமாறும் மருமகளைச் சோம்பேறி என்று ஏசாதீர்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்தில் இந்த நோயும் இடம் பெற்றிருக்கிறது. சட்டமே ஒப்புக்கொண்ட கஷ்டத்தை வீடு ஒப்புக்கொள்ளக் கூடாதா?