மங்கின படத்துக்கும் ஒரு நன்றி

போன வருசம் ஐப்பசி மாசம், மழை விட்ட ஒரு விடியப்புறம். கிணத்தடிக்குப் போறன், வாழைக்குக் கீழ சருகைக் கிளறிக்கொண்டு ஒரு குருவி. கட்டை வால், பச்சை முதுகு, வயித்துக்கடியில் நல்ல சிவப்பு. ஓடிப்போய் போனை எடுத்து வந்து ஒரு படம் எடுத்தன். படம் எண்டு சொல்லவே வெக்கம். அரைவாசி வாழையிலை, மிச்சம் மங்கல்.

பறவைப் படம் எடுக்கிற நாலைஞ்சு பேருக்கு அதை அனுப்பினன். ஒருத்தரும் சிரிக்கேல்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு அண்ணா பதில் போட்டார்: "ஆறுமணிக் குருவி தம்பி. எத்தினை மணிக்குக் கண்டனீர்? எந்த இடம்?" விடியவும் பொழுதுபடவும் கூப்பிடுறதால் அந்தப் பேராம். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிச்சுப்போட்டு, குளிர்காலத்தைக் கழிக்க எங்கட நாட்டுக்கு வாற குருவி. அதுவரைக்கும் எங்கட வளவுக்கு வெளிநாட்டில் இருந்து வாறது மாமா குடும்பம் மட்டும்தான் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன்.

அந்த அண்ணா எடுக்கிற படங்களும் அப்படியொன்றும் பிரமாதம் இல்லை. ஆனால் ஒவ்வொரு படத்துக்குக் கீழயும் திகதி, இடம், நேரம், எத்தினை பறவை நிண்டது, என்ன செய்துகொண்டிருந்தது எண்டு எழுதுவார். அதை வாசிச்சுத்தான் நான் பறவை பாக்கப் பழகினன். எங்களில் கனபேர் பாராட்டுறது வேற மாதிரிப் படங்களை. கண்ணைப் பறிக்கிற நிறம், பின்னுக்கு ஒண்டும் தெரியாமல் கரைஞ்சுபோன பச்சை. "வேற லெவல் மச்சான்", "என்ன லென்ஸ்?" எண்டு கேட்டுட்டுப் போயிடுவம். பறவையைப் பற்றி ஒரு கேள்வி வராது. லென்ஸ் வாங்க மோட்டார் சைக்கிள் வாங்குற அளவு காசு வேணும். அது இல்லாத பொடியனும் பெட்டையும், இது தங்களுக்குச் சரிவராது எண்டு விலகிப் போயிடுவினம். என்னைக் கேட்டால், எங்கட முதல் நன்றி திகதியும் இடமும் போடுற ஆளுக்குப் போகவேணும்.

ஏன் எண்டு சொல்லுறன். மன்னார் வங்காலையை எடுங்கோ. 2010 இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட சரணாலயம், 4839 ஹெக்டேயர். மாரி காலத்தில் ஊசிவால் வாத்தும் கருவால் மூக்கனும் பூநாரையும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குற இடம். ஆடி மாச வெயிலில் பஸ்ஸில் போற ஒருத்தர் யன்னலால் எட்டிப் பார்த்தால், அது வெறும் உப்புத் தரவை. வெறும் நிலம் எண்டு நினைச்சால் அதில் எதையும் கட்டலாம் எண்டுதான் தோன்றும்.

மன்னார்த் தீவில் 2020 இல் திறந்த தம்பபவனி காற்றாலையில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. அதுக்குப் பிறகு புதுக் காற்றாலைத் திட்டம் வந்தபோது, வலசைப் பறவைகளின் பாதை பெரிய விவாதமாகி உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. காற்று மின்சாரம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. எந்த இடத்தில் கட்டலாம், எந்த இடத்தில் கூடாது எண்டு கதைக்கிற நேரம், எந்தப் பறவை எந்த மாசம் எந்தப் பக்கம் பறக்குது எண்டு தெரிஞ்சிருக்க வேணும். ஆய்வாளர்கள் எல்லா நாளும் எல்லாக் கரையிலும் நிக்க ஏலாது. ஞாயிற்றுக்கிழமை நித்திரையை விட்டுட்டுப் போற இந்த ஆக்களின் மங்கின படங்களும் சேர்ந்துதான் அந்தக் கணக்கு நிரம்புது.

வடக்குக்கு இது இன்னும் முக்கியம். யுத்த காலத்தில் கழுத்தில் பைனாகுலரைத் தொங்கவிட்டுக்கொண்டு கடற்கரையில் நிண்டிருக்க ஏலுமா? அந்த வருசங்களிலும் பறவைகள் வந்துதான் இருக்கும். எழுதி வைக்கத்தான் எங்களுக்கு வழியிருக்கேல்லை. இப்ப வழி இருக்கு.

இன்னொரு நன்றியும் பாக்கி இருக்கு. அது அவை பகிராமல் விடுற படங்களுக்கு. கூட்டில் குஞ்சோட இருக்கிற பறவையைக் கிட்டப்போய் எடுத்தால் நல்ல படம் வரும். மறைக்கிற கிளையை முறிச்சால் இன்னும் நல்லா வரும். பிறகு காகம் வந்து குஞ்சைத் தூக்கிக்கொண்டு போகும். கல்லெறிஞ்சு பூநாரைக் கூட்டத்தைக் கிளப்பினால் பறக்கிற படம் கிடைக்கும். ஆனால் தின்ன வந்த பறவை தின்னாமல் பறக்கும். இதெல்லாம் தெரிஞ்சு, கமராவைக் கீழ இறக்கிட்டுத் திரும்பி வாற ஆக்கள் இருக்கினம். கூடு இருக்கிற இடத்தை எவ்வளவு கேட்டாலும் சொல்லாயினம். எனக்கும் ஒருக்கால் சொல்லேல்லை. அப்ப கோவம் வந்தது. இப்ப யோசிச்சால் அவை செய்தது சரி.

அதால அடுத்தமுறை ஒருத்தர் பறவைப் படம் காட்டினால், லென்ஸைக் கேக்காமல் "எங்க கண்டனீங்கள், என்ன செய்துகொண்டு நிண்டது?" எண்டு கேட்டுப் பாருங்கோ. எவ்வளவு கதை வரும் எண்டு தெரியும். உங்களிட்ட போன் மட்டும்தான் இருக்கெண்டாலும் பரவாயில்லை. உங்கட வளவில் நிக்கிற குருவியை எடுங்கோ, திகதியைப் போடுங்கோ, அனுப்புங்கோ.

இந்த ஐப்பசியும் நான் கிணத்தடியில் பாத்துக்கொண்டு நிப்பன். அது வந்தாலும் எழுதி வைப்பன், வராட்டிலும் எழுதி வைப்பன்.