நோயாளி எப்போது தொற்றாளர் ஆனார்?



கடந்த வாரம் வகுப்பில் சுகாதாரப் பாடம். "தொற்றுநீக்கி என்றால் என்ன?" என்று கேட்டோம். "கொரோனாக்காரங்களுக்கு அடிக்கிற மருந்து சேர்" என்றான் ஒரு பிள்ளை. வகுப்பே சிரித்தது. நமக்குச் சிரிப்பு வரவில்லை.

தொற்றுதல் என்றால் பற்றிப் பிடித்தல். பண்டாரவளை பஸ்ஸின் மிதிபலகையில் தொத்திக்கொண்டு போகிறோமே, அதே தொத்துதான். ஆளுக்கு ஆள் பற்றிக்கொள்வதால் தொத்து வியாதி. ஆங்கிலத்தின் 'இன்ஃபெக்ட்' லத்தீனிலிருந்து வந்தது. அங்கே அதற்குச் சாயத்தில் தோய்த்தல், கறைப்படுத்தல் என்று பொருள். அவர்களுக்கு நோய் ஒரு கறை. நமக்கோ அது ஒட்டிக்கொண்ட ஒன்று; எடுத்துவிட்டால் ஆள் பழைய ஆள்தான். தொற்றுநீக்கம் என்ற சொல்லையும் கை, கத்தி, கட்டில், கிணறு இவற்றுக்குத்தான் பாவித்துவந்தோம்.

2020இல் சொல் தடம் மாறியது. செய்திகளில் நோயாளி போய் 'தொற்றாளர்' வந்தார். (ஊர்ப் பெயர்களோடு 'கொத்தணி'யும் ஒட்டிக்கொண்டது.) நோயாளி என்றால் போய்ப் பார்க்கத் தோன்றும். தொற்றாளர் என்றால் கதவைச் சாத்தத்தான் தோன்றும். லயத்தில் ஒரு காம்பராவுக்கு மருந்தடித்துப் பல நாளான பிறகும், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பீலிப் பக்கம் விடாதவர்கள் நம்மிடையே இருந்தார்கள். தமிழர், முஸ்லிம் என்ற வித்தியாசமில்லை, எல்லோரும்தான்.

பிறகு நீக்க வேண்டியது கிருமியையா ஆளையா என்பதே மறந்துபோனது. உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கம், தகனம் இரண்டையும் அனுமதித்திருந்தும், நிலத்தடி நீர் கெடும் என்று சொல்லி 2020 ஏப்ரலில் தகனத்தையே கட்டாயமாக்கினார்கள். பிறந்து 20 நாளான ஒரு குழந்தையின் ஜனாஸாவும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரியில்தான் வர்த்தமானி மாறியது. அதன்பின் ஓட்டமாவடி மஜ்மா நகரில் 3,000க்கும் மேற்பட்டோர் அடக்கப்பட்டார்கள். அங்கே முஸ்லிம்கள் மட்டுமல்ல, பௌத்தர்களும் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. மன்னிப்பு வந்துவிட்டது, ஆனால் சொல் இன்னும் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. கொரோனா வந்தபோது நடக்கப் பழகிக்கொண்டிருந்த பிள்ளையின் வாயில் அது இருக்கிறதென்றால், நம் வீடுகளில் கேட்டுத்தானே படித்திருக்கிறான்?

அவனை நாம் ஏசவில்லை. வாளியும் துணியும் கொடுத்து மேசைகளைத் துடைக்கச் சொன்னோம். "இதுதான் தொற்றுநீக்கம்" என்றோம். காய்ச்சலுக்கு லீவில் நின்று அன்றுதான் வந்திருந்த பிள்ளையை அவன் பக்கத்திலேயே உட்கார வைத்தோம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் இதைப் பேச இருக்கிறோம். அவசியம் வாருங்கள்.