உழைப்பாளர் சிலையைச் செய்தவர் எந்த ஊர்?

சென்ற மாதம் என் பேரன் மெரினா கடற்கரையில் உழைப்பாளர் சிலைக்கு முன்னால் நின்று எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். "இதைச் செய்தவர் யார் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியாது தாத்தா" என்றான். சின்னப் பையன், போகட்டும். மாலையில் கீழ ராஜ வீதிப் பக்கம் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் என் வயதுக்காரர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். "நம்ம பக்கத்து ஸ்தபதி யாராவது இருக்கும்" என்றார் ஒருவர். மற்றவர்கள் பேச்சை மாற்றிவிட்டார்கள். மாற்றிய பேச்சு என்ன தெரியுமா? ஊருக்குள் வடக்கத்திப் பையன்கள் பெருகிவிட்டார்கள் என்பதுதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிலையைச் செய்தவரே வடக்கத்தியார்தான்.

அவர் பெயர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. 34 ஆண்டுகள் பள்ளியில் டிராயிங் மாஸ்டராக இருந்தவன் என்பதால் அந்தப் பெயர் எனக்குப் பழக்கம். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஆசிரியர்கள் அதை மரியாதையோடு சொல்வார்கள். 1899இல் வங்காளத்தில் ரங்பூர்ப் பக்கம் ஒரு ஜமீன் குடும்பத்தில் பிறந்தவர். சிற்பி என்றே இன்று சொல்கிறோம். ஆனால் அவர் முதலில் ஓவியர். ரவீந்திரநாத் தாகூரின் உறவினரான அவனீந்திரநாத் தாகூரிடம் படம் வரையக் கற்றவர். காகிதத்தை நீரில் நனைத்து, மெல்லிய வண்ணத்தை ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றுவது அவனீந்திரநாத்தின் முறை. தொடக்கத்தில் அந்தச் சாயல் சௌத்ரியிடமும் இருந்தது. பிறகு ஒளியும் நிழலும் அழுத்தமாக விழும் தனி வழிக்கு வந்துவிட்டார். இமயமலைப் பக்கத்து லெப்சா மக்களை விரும்பி வரைந்திருக்கிறார்.

1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்குப் பொறுப்பேற்க வந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற வெள்ளைக்கார மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. அதன் தலைமைக்கு வந்த முதல் இந்தியர் இவர்தான். அடுத்த கிட்டத்தட்ட முப்பது ஆண்டுகள் அங்கேதான். கே.சி.எஸ். பணிக்கர், தனபால் போன்றோர் அவரிடம் படித்தவர்கள். 1954இல் லலித் கலா அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே. 1958இல் பத்மபூஷண் கிடைத்தது.

பட்டங்களை விடுங்கள். எனக்குப் பிடித்தது அவருடைய ரசனைகள். அவர் மல்யுத்தம் பழகியவர். வேட்டைக்குப் போவார். அதே கையால் புல்லாங்குழலும் வாசிப்பார். வங்க மொழியில் சிறுகதைகள் எழுதியிருக்கிறார். சென்னையில் இத்தனை ஆண்டுகள் இருந்தும் கதை எழுத உட்கார்ந்தால் தாய்மொழிதான். அதனால் நம் ஊருக்கு ஏதாவது குறைந்துவிட்டதா? நம் பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்துகொண்டு பொங்கல் வைக்கவில்லையா, தமிழில் கவிதை எழுதவில்லையா? அதைக் கேட்டுப் பெருமைப்படுகிற நாம், இங்கே வருகிறவன் மட்டும் தன் பாட்டை விட்டுவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

ஒருவர் எந்த ஊர் என்று கேட்பதைவிட, வந்த ஊரில் அவர் கண் எதன்மேல் நின்றது என்று கேட்பதுதான் சரி என்பது என் கட்சி. ஜமீன் வீட்டுப் பிள்ளை, கல்லூரி முதல்வர், விருது பெற்றவர். அவர் நினைத்திருந்தால் ராஜாக்களையும் கவர்னர்களையும் மட்டும் செய்துகொண்டு காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ நான்கு கூலிக்காரர்கள் பாறையை நெம்புவதைச் செய்தார். அதற்கு மாடலாக நின்றவர்கள் கல்லூரிக் காவலாளியும் ஒரு மாணவரும் என்று சொல்வார்கள். 1959 குடியரசு தினத்தையொட்டி அந்தச் சிலை மெரினாவில் நின்றது. அதே ஆண்டில் நேரு திறந்துவைத்த மெரினா காந்தி சிலையும் இவர் கைவேலைதான்.

உழைப்பாளர் சிலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நார்த்தாமலைப் பக்கத்துக் கல்லுடைக்கும் ஆட்கள்தான் நினைவுக்கு வருவார்கள். கடப்பாரையைக் கொடுத்து நான்கு பேர் மூச்சடக்கித் தள்ளும்போது முதுகில் நரம்பு எழும்புமே, அது அச்சாக அந்த வெண்கலத்தில் இருக்கிறது. ரங்பூரில் பிறந்தவருக்கு அது தெரிந்திருக்கிறது. நம்மில் எத்தனை பேர் அந்த முதுகை நின்று பார்த்திருப்போம்?

வெளியூர்க்காரர் கை நமக்குப் புதிதும் அல்ல. நம் சித்தன்னவாசல் குகைக் கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. இன்று அது நம் மாவட்டத்தின் பெருமை.

இவ்வளவும் எழுதுகிறேனே, என் கதையையும் சொல்லிவிடுகிறேன். போன பொங்கலுக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு பையன் வந்தான். இருபது வயது இருக்கும். பெங்கால் என்றான். எங்கள் மாடி அறை காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, "ரூம் கிடைக்குமா தாத்தா?" என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். உறவுக்காரர்கள் வரப்போகிறார்கள் என்று பொய் சொல்லி அனுப்பிவிட்டேன். அவன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. 1968இல் என் அண்ணன் ரஜூலா கப்பலில் சிங்கப்பூர் போய் இறங்கியபோது, மொழி தெரியாத ஒரு சீனர்தான் தன் கடைக்கு மேலே படுக்க இடம் கொடுத்தார். அண்ணன் சாகும்வரை அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு வளர்ந்தவன்தான் நான்.

சௌத்ரி 1975இல் காலமானார். அவர் பிறந்த ரங்பூர் 1947இல் கிழக்குப் பாகிஸ்தானுக்குப் போய், 1971இல் வங்கதேசம் ஆகிவிட்டது. அவர் இடம் மாறவில்லை, சென்னையில்தான் இருந்தார். பிறந்த ஊர்தான் இரண்டு முறை நாடு மாறியது. அப்படிப்பட்டவரை எந்த ஊர்க்காரர் என்று எழுதுவது? நான் சென்னைக்காரர் என்றே எழுதுவேன்.

அந்தப் பெயிண்டர் பையன் இப்போது எங்கே தங்கியிருக்கிறான் என்று விசாரித்தேன். யாருக்கும் தெரியவில்லை. உறவுக்காரர்கள் யாரும் வரவில்லை. மாடி அறை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.