மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் ஒரு படம் வேண்டும்

காற்பந்து விளையாடும்போது விழுந்து, முழங்காலுக்குச் சற்று மேலே உங்கள் மகனுக்கு எலும்பு முறிந்தது என்று வைத்துக்கொள்வோம். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது. பழையபடி ஓடுகிறான். ஆறு மாதம் கழித்து மீண்டும் எக்ஸ்ரே எடுக்க வரும்படி மருத்துவமனை தேதி கொடுத்திருக்கிறது. போவீர்களா? ‘நன்றாகத்தானே இருக்கிறான், வீணாக எதற்குக் கதிர்வீச்சு?’ என்றுதான் மனம் சொல்லும். அந்தத் தேதியைத் தவறவிடக் கூடாது என்பேன் நான்.

பெரியவர்களின் எலும்பு ஒட்டினால் போதும். பிள்ளைகளின் எலும்பு ஒட்டவும் வேண்டும், வளரவும் வேண்டும். நீண்ட எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு எனும் மெல்லிய குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. எக்ஸ்ரேயில் அது கறுப்புக் கோடாகத் தெரியும். (அதையே விரிசல் என்று நினைத்துப் பதறுவோரும் உண்டு.) தொடை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 70 விழுக்காடு முழங்கால் பக்கத் தட்டிலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 செ.மீ. பையன்களுக்கு இது சுமார் 16 வயது வரை தொடரும். 10 வயதில் அது நின்றுபோனால் இரண்டு கால்களுக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அடிபட்டதும் வளர்ச்சி சிறிது தடைபட்டு, பிறகு தொடங்கும். தடைபட்ட இடத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று பதியும். ஹாரிஸ் கோடு என்பார்கள். எலும்பு வளர வளர, தட்டு அந்தக் கோட்டைவிட்டு விலகிப் போகும். கோடு தட்டுக்கு இணையாக இருந்தால் நிம்மதி. சாய்ந்து வந்து ஓரிடத்தில் தட்டைத் தொட்டால், அங்கே எலும்புப் பாலம் உருவாகியிருக்கக்கூடும். ஒரு பக்கம் நின்று மறுபக்கம் மட்டும் வளர்வதால் கால் கோணத் தொடங்கும். மாவுக்கட்டைப் பிரிக்கும் நாளில் இது எதுவும் தெரியாது. பிள்ளை ஓடுவதைப் பார்த்தும் தெரியாது.

பாலம் சிறியதாக இருந்து, வளர இன்னும் ஆண்டுகள் மீதமிருந்தால், அதை அகற்றி அந்தக் குழியில் கொழுப்பை வைத்து நிரப்ப முடியும். காலம் கடந்தால் எலும்பை வெட்டி நேராக்க வேண்டும், அல்லது மாதக்கணக்கில் நீட்ட வேண்டும்.

கதிர்வீச்சா? கை கால் எக்ஸ்ரே ஒன்றில் சுமார் 0.001 மில்லிசீவர்ட். நாம் சில மணி நேரத்தில் இயற்கையிலிருந்தே பெறும் அளவு அது.

அதற்காக எல்லா முறிவுக்கும் படம் எடுக்கச் சொல்லி மருத்துவரை நச்சரிக்கவும் வேண்டாம். மணிக்கட்டுப் பக்கத் தட்டு அடிபட்டாலும் பெரும்பாலும் தேறிவிடும். முழங்கால் பக்கம் அப்படியல்ல. ‘முறிவு வளர்ச்சித் தட்டைத் தொட்டதா?’ என்று முதல் நாளே கேளுங்கள். வேறு மருத்துவமனைக்கு மாறினால் பழைய படங்களையும் கொண்டுபோங்கள். கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பது ஒப்பிட்டால்தான் தெரியும்.