படுத்துக் கிடப்பதே நோயாளியின் கடமையா?

சத்திரசிகிச்சை வைத்தியரின் காரியம், முன்னர் பட்டினி கிடப்பதும் பின்னர் படுத்துக் கிடப்பதும் தவிர நோயாளிக்கு அதில் பங்கில்லை என்ற அபிப்பிராயம், மாத்தளை நகரிலும் இரத்தோட்டை, எல்கடுவ மலைத் தோட்டங்களிலும் படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி வேரூன்றியிருக்கிறது. அதை நான் முற்றாக மறுக்கிறேன்.

முத்துமாரியம்மன் மாசிமகத் தேர் முடியட்டும் என்று, அவசரமில்லாத ஹேர்னியா சிகிச்சையைத் தள்ளிவைப்பவர்கள் அந்த இடைக்காலத்தை வெறுங்காலமாகக் கழிப்பது பெரும் பிழை. இரத்தச்சோகையுள்ளவர் வைத்தியர் தரும் இரும்புச்சத்து மாத்திரையால் குருதியைப் பெருக்கிக்கொள்வதற்கும், புகைப்பவர் 4 வாரங்களுக்கு முன்னரேனும் பீடியைக் கைவிட்டுச் சுவாசத்தையும் காயம் ஆறும் சக்தியையும் மீட்டுக்கொள்வதற்கும் உகந்தவை அவ்வாரங்களே.

முந்திய மாலையிலிருந்தே துளி நீரும் ஆகாது என்பாரும் உளர். மயக்கத்தில் வயிற்றிலுள்ளது நுரையீரலுக்குள் புகும் அபாயம் மெய்யே. ஆயினும் லேசான ஆகாரத்துக்கு 6 மணி நேரமும், தண்ணீருக்கும் பாலில்லாத பிளேன்டீக்கும் 2 மணி நேரமும் இடைவெளி பெரும்பாலோர்க்குப் போதுமென்பதே மயக்க மருந்து நிபுணரின் இன்றைய விதி. பால் கலந்த தேநீர் ஆகாரக் கணக்கில் சேரும். உங்களுக்குரிய நேரத்தை வார்ட்டில் கேட்டறியுங்கள்.

சொன்னால் பயந்துவிடுவார் என்று விஷயத்தை மறைக்கும் குடும்பத்தாரின் அன்பு மெய்யானது. அதன் பலனோ தீயது. கண் விழிக்கையில் மூக்கில் ஒட்சிசன் குழாயும் வயிற்றோரத்தில் இரத்தநீர் வடியும் குழாயும் இருக்கக்கூடுமென்று முன்னரே அறிந்தவர் கலங்குவதில்லை. அறியாதவர் ஏதோ விபரீதம் நேர்ந்ததென்று நடுங்குகிறார்.

‘அசையாதே, தையல் பிரிந்துவிடும்’ என்பதே இவற்றுள் மிகக் கொடிய பிரமை. 1899இலேயே சிக்காகோவின் எமில் றீஸ் என்ற வைத்தியர் நோயாளிகளை விரைவில் எழுப்பி நடக்கவைப்பதன் நன்மையை எழுதினார். 1990களில் டென்மார்க்கின் ஹென்றிக் கெலெட் முன்னாயத்தம், வலித்தணிப்பு, விரைந்த ஆகாரம், நடை ஆகியவற்றை ஒரே முறையாக இணைத்தார். அசையாத காலில் இரத்தம் உறையும்; ஆழ்ந்து மூச்சிழுக்காத நெஞ்சில் சளி தேங்கும். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுவதையும், ஒருக்களித்துப் புரண்டு கையூன்றி எழுவதையும் வீட்டிலேயே பழகிச் செல்லலாம். வைத்தியர் தடுத்தாலன்றி நடக்கவே வேண்டும்.

முட்டை, மீன் உண்டால் புண் சீழ்பிடிக்கும் என்ற பத்தியத்துக்கு ஒரு வாக்கியம் போதும்: காயத்தை மூடும் சதை புரதத்தால் ஆவது.

எனினும் நடை வேறு, சுமை வேறு. அன்றைய சம்பளத்துக்குப் பேர் விழவேண்டுமே என்ற ஏக்கத்தில், உட்காயம் ஆறுமுன் கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்ணிடம் விவேகம் பேசிப் பயனில்லை. வைத்தியர் எழுதித் தந்த ஓய்வு நாட்களைத் தோட்ட நிர்வாகத்தார் குறைக்காதிருக்கட்டும். அந்நாட்களில் தண்ணீர்க் குடத்தையும் விறகுக் கட்டையும் வீட்டு ஆண்கள் சுமக்கட்டும்.