டிரம்ஸில் யார்?

ராஜபாளையத்தில் பள்ளியில் படித்த காலத்தில், பங்குனிப் பூக்குழித் திருவிழாவுக்குப் பஸ் பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் போவோம். ராத்திரி இன்னிசைக் கச்சேரி இருக்கும். நாலு பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் ஒவ்வொருவராக அறிமுகம் செய்வார். கீபோர்டில் இன்னார், பேஸ் கிதாரில் இன்னார், டிரம்ஸில் இன்னார். பேர் சொன்னதும் டிரம்மர் அரை நிமிஷம் தனியாக வெளுத்து வாங்குவார். கூட்டம் விசிலடிக்கும்.

ஒருமுறை அந்த டிரம்மரிடம் போய்க் கேட்டேன்: "அண்ணே, இந்தப் பாட்டுக்கு ரெக்கார்டிங்ல வாசிச்சது யாருண்ணே?" கேசட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கேட்டு, ஒவ்வொரு அடியையும் மனப்பாடம் செய்தவர் அவர். "தெரியலயே தம்பி. கேசட்ல போடலையே" என்றார்.

ஐந்நூறு பேர் முன்னால் நகலை வாசித்தவருக்குப் பேர் உண்டு. ஊர் உலகமே கேட்ட அசலை வாசித்தவருக்கு இல்லை. இதை மறதி என்று சொல்லி விட்டுவிட முடியாது.

ஜாஸ் இசையோடு உலகம் முழுக்கப் பரவிய டிரம் செட்டை, நம் தாளக்கட்டுக்குள் பழக்கிக் கொண்டுவந்தவர்கள் ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள். 80களின் தமிழ் சினிமா இசையில் நடந்த பரிசோதனைகளில் பாதி அவர்கள் கைகளில் நடந்தது. இளையராஜா குழுவில் பல ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்து, பின்னாளில் அந்தக் குழுவை நடத்தவும் செய்தவர் புருஷோத்தமன். தெருவில் பத்துப் பேரிடம் 'ஒரு டிரம்மர் பேர் சொல்லுங்க' என்று கேளுங்கள். சிவமணி என்பார்கள். சந்தோஷம். ஆனால் அவர் மேடைக்கு வந்ததால் தெரிந்தவர். ஸ்டுடியோவுக்குள்ளேயே இருந்தவர்களை யாருக்குத் தெரியும்?

"கால்ஷீட்டுக்குக் காசு வாங்கியாச்சு, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. நான் மென்பொருள் எழுதிச் சம்பளம் வாங்குகிறவன். எழுதுகிற நிரல் எனக்குச் சொந்தமில்லை, கம்பெனிக்குத்தான். ஆனாலும் ஒரு கமாவை நீக்கினால்கூட, நீக்கியது நான்தான் என்று கமிட் வரலாற்றில் பதிவாகிவிடும். கூலி கொடுத்ததால் பேரை அழித்துவிடலாம் என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பேர் வெறும் மரியாதை சமாச்சாரமும் இல்லை. 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி, வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துநருக்கு ராயல்டி உரிமை கொடுத்தார்கள். கூடவே, யார் நிகழ்த்துநர் என்ற வரையறையில் ஒரு விதிவிலக்கையும் செருகினார்கள். திரைப்படத்தில் ஒருவரின் பங்களிப்பு தற்செயலானதாகவோ துணையானதாகவோ இருந்து, தொழில் வழக்கப்படி அவர் பேர் எங்கும் போடப்படுவதில்லை என்றால், அவர் நிகழ்த்துநரே அல்ல. தன் நிகழ்த்துதலைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமை மட்டும்தான் அவருக்கு மிச்சம். 'என் பேரைப் போடு' என்று கேட்கும் உரிமையும் போய்விடும். பேர் போடாததால் உரிமை இல்லை, உரிமை இல்லாததால் பேர் கேட்க முடியாது. டிரம்ஸ் வாசிப்பு 'துணையானது' அல்ல என்று வாதாடலாம்தான். அன்றாடக் கூலிக்கு வாசிப்பவர் எந்த வக்கீலை வைத்து வாதாடுவார்?

இது நம்மூர் நோய் மட்டுமில்லை. ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த சில நொடித் தாளத்தை நூற்றுக்கணக்கான ஹிப் ஹாப் பாட்டுகள் வெட்டி ஒட்டிக்கொண்டன. பாடலாசிரியராக அவர் பேர் இல்லை, அதனால் ராயல்டியும் இல்லை. 2017இல் அப்படியே இறந்துபோனார்.

ஆனால் நமக்குச் சாக்குச் சொல்ல வழியில்லை. கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் பேருக்குக் கீழே 'சிறப்புத் தவில்' என்று பேர் போட்டிருக்கும். தாளக்காரனுக்குப் பேர் போடுவது நமக்குப் பழக்கமில்லாத காரியம் அல்ல. அதே நோட்டீஸில் உறுமிக்காரர் பேர் இருக்காது, 'உறுமி மேளம்' என்று மட்டும் இருக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாருக்குப் பேர், யாருக்கு வெறும் மேளம் என்பதைச் சாதியும் தீர்மானித்த ஊர் இது. கேசட் கம்பெனிகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது வழக்கத்தைத்தான்.

ரஹ்மான் வந்த பிறகு ஆல்பம் அட்டைகளில் வாத்தியக்காரர் பேர்கள் வரத் தொடங்கின. அட்டை போய்ச் செயலி வந்ததும் பெரும்பாலும் அதுவும் போயிற்று. இடமில்லை என்ற சாக்கு அன்றைக்குக் கேசட் உறைக்குச் சரி. இன்றைக்குச் செயலியில் ஒரு வரி சேர்க்க என்ன செலவாகும்? நான் செய்கிற தொழில் அது, சொல்கிறேன்: ஒன்றும் ஆகாது.

பழைய ஸ்டுடியோ வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். எந்தப் பாட்டில் யார் வாசித்தார் என்பது இன்னும் சிலர் ஞாபகத்தில் மட்டும்தான் இருக்கிறது. பாட்டுகளைக் கையில் வைத்திருக்கும் கம்பெனிகளே, அவர்கள் இருக்கும்போதே போய்க் கேட்டு எழுதிப் போடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மேடையில் மைக் பிடித்தவருக்குத் தெரிந்த நாகரிகம்தான் இது.